மர்மக் கதையும் வேண்டும், மகான் கதையும் வேண்டும்!

காலை நேரத்துப் பாசஞ்சர் வண்டி பாறசாலையை விட்டுப் புறப்படுகிறது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஜன்னலோர இடங்களை முன்பே பிடித்துவிட்டார்கள். தனுவச்சபுரத்தில் ஒரு கூட்டம் ஏறுகிறது. அமரவிளையில் இன்னொரு கூட்டம். திருவனந்தபுரத்தில் அலுவலகம் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டிய குமாஸ்தாக்கள், சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுபவர்கள், சாப்பாட்டுத் தூக்கோடு கட்டட வேலைக்குப் போகிறவர்கள். எல்லாரும் சீசன் டிக்கெட் பயணிகள்.

இந்தக் கூட்டத்தில் ஒருவரை எண்ணிப் பாருங்கள். செங்கல் பக்கத்திலிருந்து தினமும் வேலைக்குப் போகும் நடுத்தர வயதுக்காரர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். கையில் ஒரு மர்ம நாவல். அட்டை தெரியாதபடி பழைய பத்திரிகைத்தாளில் உறை போட்டிருக்கிறார். பைக்குள்ளே வாயனசாலையிலிருந்து எடுத்த இன்னொரு புத்தகம். அது ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு. அதற்கு உறை இல்லை.

"என்ன அண்ணாச்சி படிக்கிறீங்க?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால், நாவலை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பையிலிருக்கும் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக் காட்டுவார்! நெய்யாற்றின்கரை தாண்டி, கேட்டவர் கண் அயர்ந்ததும், மறுபடியும் நாவல் கைக்கு வந்துவிடும்.

இப்படிப்பட்டவர்களைப் பார்க்காத ரயில் பயணி இருக்க முடியாது. சிலருக்கு அது தாமாகவே இருக்கும். ஏன் இந்த வெட்கம்? மர்மக் கதை படிப்பது குற்றமா? வாழ்க்கை வரலாறு படிப்பது மட்டும்தான் படிப்பா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. செங்கலைச் சுற்றியுள்ள மண்ணிலேயே பதில் கிடைக்கிறது.

எல்லையில் ஓர் ஊர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமம் செங்கல். வானளாவ எழுந்து நிற்கும் மகேசுவரம் சிவலிங்கத்தைப் பார்க்க இப்போது வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கொஞ்ச தூரம் தெற்கே போனால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு ஒரே நாளில் விழுந்தது. பேச்சு ஒரே நாளில் மாறுமா? அக்காளை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தவர்களும், அந்தப் பக்கம் பெண் எடுத்தவர்களும் இரண்டு மொழியையும் ஒரே வாயில் பேசி வருகிறார்கள்.

1979-ம் ஆண்டில் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பிறகு காலையில் ஒரு மாநிலத்தில் பழையது சாப்பிட்டு, மதியம் இன்னொரு மாநிலத்தில் பொதி பிரிப்பது வழக்கமாகிவிட்டது.

இப்படி இரண்டு மொழிக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. ஒரு லாபமும் உண்டு. கஷ்டத்தைப் பிறகு பார்ப்போம். லாபம் இதுதான்: இரண்டு அலமாரிப் புத்தகங்களும் அவர்களுக்குச் சொந்தம்.

ஒரே ஆண்டு, இரண்டு புத்தகம்

1891-ம் ஆண்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஓர் ஆண்டில், திருவனந்தபுரத்தோடு தொடர்புடைய இரண்டு பேரின் புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று தமிழ், ஒன்று மலையாளம்.

தமிழ்ப் புத்தகம், பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய 'மனோன்மணீயம்'. ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். தமிழ்நாடு அரசு 1970-ம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்து இந்த நாடகத்தின் தொடக்கத்தில் வருவதுதான். அது எல்லாருக்கும் தெரியும். நாடகத்தின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? லிட்டன் பிரபு எழுதிய ஓர் ஆங்கிலக் கதையைத் தழுவியது அது. அந்த ஆங்கிலக் கதையின் தலைப்பே 'இரகசிய வழி' என்று பொருள்படும். அரசனை ஏமாற்றும் அமைச்சன் குடிலன், யாருக்கும் தெரியாமல் முனிவர் அமைக்கும் சுரங்க வழி என்று மர்மக் கதைக்கு வேண்டிய சரக்கு எல்லாம் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பாடமாகப் படித்ததால் நமக்கு அது தெரியாமல் போய்விட்டது!

மலையாளப் புத்தகம், சி.வி. ராமன் பிள்ளை எழுதிய 'மார்த்தாண்டவர்மா'. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் என்று பெயர் பெற்றது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மா, பட்டத்துக்கு வரும் முன்பு எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடம் பட்ட பாடுதான் கதையின் பின்னணி. காட்டுக்குள்ளே வெட்டுண்டு கிடக்கும் ஓர் இளைஞனோடு கதை தொடங்குகிறது. நடுவே பைத்தியக்காரச் சாணான் என்று ஒரு பாத்திரம் வந்து வந்து மறைகிறது. அவன் உண்மையில் யார் என்பதை இங்கே சொல்லிவிட்டால், இனிமேல் படிக்கப் போகிறவர்களின் சாபம் வந்து சேரும்.

இளவரசர் எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் பலாமரம் எங்கே இருக்கிறது தெரியுமா? நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவில் வளாகத்தில்தான். 'அம்மச்சிப் பிலாவு' என்று பெயர் சொல்லிப் போற்றி வருகிறார்கள். செங்கலிலிருந்து கோவிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் எத்தனையோ பேர் அந்த மரத்தின் கதையைக் கேட்டிருக்கிறார்கள். நாவலைப் படித்தவர்களுக்கு மட்டும் அந்த மரம் வேறு மாதிரித் தெரியும்.

ஆக, இந்த மண்ணில் மர்மமும் சரித்திரமும் பிறக்கும்போதே கைகோத்துக்கொண்டுதான் பிறந்தன. பிரித்து வைத்தது பின்னால் வந்தவர்கள்.

அட்டையை மறைக்கும் புத்தகம்

ஆர்தர் கானன் டாயில் 1887-ம் ஆண்டில் ஷெர்லாக் ஹோம்ஸை உலகத்துக்கு அறிமுகம் செய்தார். தமிழ் அதிக காலம் காத்திருக்கவில்லை. 1894-ம் ஆண்டிலேயே நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்ற போலீஸ் துப்பறிவாளரை எழுதிவிட்டார். 1908-ம் ஆண்டில் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தது. அதில் வந்த துப்பறியும் கோவிந்தனுக்காக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களைப் புத்தகம் படிக்கிறவர்களாக ஆக்கியதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்றால் மிகையாகாது.

அதற்குப் பின் வந்த தலைமுறைக்குத் தமிழ்வாணனின் சங்கர்லால். அந்தத் தமிழ்வாணனே 'கல்கண்டு' பத்திரிகையில் பொது அறிவு, உடல்நலம், முன்னேற்றம் என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் எழுதினார். சங்கர்லாலைத் தேடி வந்தவர்கள் மற்றதையும் படித்துவிட்டுப் போனார்கள். 1968-ம் ஆண்டில் 'குமுதம்' இதழில் 'நைலான் கயிறு' எழுதி, கணேஷ் என்ற வக்கீலை அறிமுகம் செய்தார் சுஜாதா. கோவை ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் நாவல்கள் எழுதிக் குவித்தார்.

மலையாளத்திலும் இதே கதைதான். 1905-ம் ஆண்டில் அப்பன் தம்புரானின் 'பாஸ்கர மேனோன்' வந்தது. பின்னால் வந்த கோட்டயம் புஷ்பநாத், துப்பறியும் மார்க்ஸின் என்ற பாத்திரத்தைக் கொண்டு வாரப் பத்திரிகை வாசகர்களைத் தூங்கவிடாமல் செய்தார். 2018-ம் ஆண்டில் காலமான அவருடைய நாவல்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு விற்பனையாயின. களியக்காவிளைச் சாவடியில் அரிசிக்கும் காய்கறிக்கும் சோதனை இருந்ததுண்டு. மர்மக் கதைக்கு யாரும் சோதனை போடவில்லை!

"என்ன மக்களே, பாடப் புத்தகத்துக்குள்ளே வேறே ஒண்ணு?" என்று பிள்ளையின் கையிலிருந்து நாவலைப் பிடுங்காத வீடு எல்லைப் பக்கத்தில் குறைவு. பிடுங்கிய அப்பா இரவு பிள்ளை தூங்கியதும் அதே நாவலைப் படித்து முடித்த வீடுகளும் உண்டு.

பிடுங்கியவர் சொல்லுவதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. கத்தியும் ரத்தமும் அட்டையில் இருந்தால் போதும் என்று அவசரத்தில் எழுதிய நாவல்களும் ஏராளம். ஒரே கொலையைப் பெயர் மாற்றிப் பத்துத் தடவை செய்கிறவர்கள் உண்டு. ஆனால் நல்ல மர்மக் கதை ஒரு வேலை செய்கிறது. சொன்னதை அப்படியே நம்பாதே என்று அது சொல்லிக் கொடுக்கிறது. இதைச் சொன்னவன் யார்? அவன் அப்போது எங்கே இருந்தான்? இதனால் லாபம் யாருக்கு? நூறு துப்பறியும் கதை படித்தவனுக்கு இந்த மூன்று கேள்வியும் தாமாக வரும்.

சீட்டுக் கம்பெனி நோட்டீசைப் படிக்கும்போதும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதாக வரும் விளம்பரத்தைப் பார்க்கும்போதும் அந்த மூன்று கேள்வியைக் கேட்டிருந்தால் எத்தனை குடும்பம் தப்பித்திருக்கும்!

நாடு கடத்தப்பட்ட நெய்யாற்றின்கரைக்காரர்

இனி அந்த உறை போடாத புத்தகத்துக்கு வருவோம்.

வாழ்க்கை வரலாறு எழுதிய ஒருவரைத் தேடினால், அதற்கும் நெய்யாற்றின்கரை போதும். 1878-ம் ஆண்டில் அங்கே பிறந்தவர் கே. ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி' பத்திரிகைக்கு 1906-ம் ஆண்டில் ஆசிரியர் ஆனார். திருவிதாங்கூர் அரசாங்கத்தையும் திவான் பி. ராஜகோபாலாச்சாரியையும் கடுமையாக எழுதினார். 1910-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி அச்சகம் பறிமுதல் ஆனது. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். கொண்டுபோய் விட்ட இடம் திருநெல்வேலி!

சொந்த ஊர் இல்லை, பத்திரிகை இல்லை, அச்சகம் இல்லை. அப்படிப்பட்ட மனிதர் என்ன செய்தார்? புத்தகம் எழுதினார். 1912-ம் ஆண்டில் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் எழுதி வெளியிட்டார். ரஷ்யப் புரட்சி வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தி! காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் போராடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவரைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். பத்திரிகைத் தொழில் பற்றி எழுதினார். தாம் நாடு கடத்தப்பட்ட கதையையும் எழுதி வைத்தார். 1916-ம் ஆண்டில் கண்ணூரில் காலமானபோது அவருக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. சொந்த ஊருக்கு அவர் திரும்பவே இல்லை.

அவருடைய மனைவி பி. கல்யாணி அம்மா, கணவரோடு வாழ்ந்த நாட்களை 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்று எழுதினார். வியாழன் கிரகம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு ஆகும். அவர்களுடைய இல்லறம் நீடித்ததும் அந்த ஒரு சுற்றுத்தான். கணவர் எழுதியது ஒரு சாட்சி, மனைவி எழுதியது இன்னொரு சாட்சி. இரண்டையும் படிக்கிறவனுக்கு, துப்பறியும் கதை கற்றுக் கொடுத்த கேள்விகள் இங்கே உதவும். ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றவர் சொல்லியிருக்கிறாரா என்று தேடுவான்.

ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வரலாறு இன்னும் நெருக்கமானது. பிழைப்புக்காக வந்தவர்கள் பண்டிகைக்காவது ஊர் போகலாம். ராமகிருஷ்ண பிள்ளைக்கு அது கூட இல்லை. அந்த நிலையிலும் அவர் கண்ணுக்குத் தெரியாத தேசத்து மனிதர் ஒருவரின் வாழ்க்கையைப் படித்து, எழுதி, தம் மொழிக்காரர்களுக்குக் கொடுத்தார்.

தாத்தாவின் துப்பறியும் கதை

வாழ்க்கை வரலாறு என்றால் உபதேசம், சப்பென்று இருக்கும் என்று ஒதுக்குகிறவர்கள் டாக்டர் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்துப் பார்க்க வேண்டும். 1940-ம் ஆண்டு முதல் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்தது அது. 1942-ம் ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானபோது தொடர் முற்றுப் பெறாமலே நின்றுவிட்டது.

அதில் என்ன இருக்கிறது? 1880-ம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருக்கும் இளைஞர், அந்த ஊர் முன்சீபாக வந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்க, இளைஞர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று பெருமையாக அடுக்குகிறார். இதனால் என்ன பிரயோஜனம், சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்ற தோரணையில் அடுத்த கேள்வி வருகிறது. இளைஞர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை!

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் துப்பறியும் வேலைதான். ஏடு எங்கே இருக்கிறது? யார் வீட்டுப் பரணில் இருக்கிறது? இந்த ஏட்டில் இருக்கும் வரி அந்த ஏட்டில் ஏன் இல்லை? சமண சமயச் செய்தி புரியவில்லை என்றால், வீடு தேடிப் போய்ச் சமணர்களிடம் கேட்கிறார். கடைசியில் 1887-ம் ஆண்டில் 'சீவக சிந்தாமணி' அச்சாகி வெளிவருகிறது. கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஆனால் அடுத்த ஏடு கிடைக்குமா கிடைக்காதா என்ற தவிப்பு எந்த மர்ம நாவலுக்கும் குறைந்ததல்ல. சங்கர்லால் படித்து வளர்ந்தவருக்கு இந்தச் சுவை சட்டென்று பிடிபடும்.

மர்மக் கதை வாசல் என்றால், வாழ்க்கை வரலாறு உள் அறை. வாசலிலேயே உட்கார்ந்திருப்பதும் சரியில்லை. வாசலை அடைத்துவிட்டு உள்ளே வா என்று கூப்பிடுவதும் சரியில்லை.

கடைத்தெருவில் ஒரு வாசகர்

படிப்பதெல்லாம் பட்டதாரிகள் வேலை என்று நினைக்கிறவர்கள் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கடை நடத்திப் பிழைத்தவர் ஆ. மாதவன். 1934-ம் ஆண்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். கல்லூரி வாசலை மிதிக்காத அந்த மனிதர் தமிழ், மலையாளம் இரண்டிலும் கிடைத்ததையெல்லாம் படித்தார். தம் கண்முன் நடமாடிய சுமை தூக்குகிறவர்களையும், சில்லறை வியாபாரிகளையும், திருடர்களையும் வைத்துக் 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். 'கிருஷ்ணப் பருந்து', 'புனலும் மணலும்' என்று நாவல்கள் எழுதினார். பி.கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலை 'இனி நான் உறங்கட்டும்' என்று தமிழாக்கினார். 2015-ம் ஆண்டில் சாகித்ய அகாடமி பரிசு அவரைத் தேடி வந்தது. 2021-ம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

அதே நகரத்தில், கேரள மின்சார வாரியத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர் நீல. பத்மநாபன். 1968-ம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'தலைமுறைகள்' நாவலின் களம் இரணியல். தினமும் இரணியல் ஸ்டேஷனைத் தாண்டி வரும் சீசன் டிக்கெட்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

வேலைக்குப் போய் வந்த நேரம் போக மிச்சம் கிடைத்த நேரத்தில்தான் இவர்களும் படித்தார்கள். எல்லாரும் எழுத்தாளராக வேண்டியதில்லை. ஆனால் படிக்க நேரமில்லை என்று சொல்லுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

வாயனசாலையும் தமிழ் அலமாரியும்

கேரளத்தில் கிராமத்துக்குக் கிராமம் வாயனசாலை இருப்பது வெளியூர்க்காரர்களை வியக்க வைக்கும் விஷயம். அது தானாக வந்ததல்ல. நீலம்பேரூரில் பிறந்த பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர் அதற்காக ஊர் ஊராக அலைந்தார். 1945-ம் ஆண்டில் 47 நூலகங்கள் அம்பலப்புழையில் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை அமைத்தன. அன்றைய திருவிதாங்கூர் தோவாளை வரை பரந்திருந்தது. 1989-ம் ஆண்டில் கேரளப் பொது நூலகச் சட்டம் வந்தது. பணிக்கர் காலமான ஜூன் 19-ந் தேதி, வாசிப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழ்நாடும் சளைத்ததல்ல. 1931-ம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டில் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கு ஏற்ற புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு உரிய வாசகன் உண்டு என்பது அவற்றில் இரண்டின் சாரம். இது உயர்ந்த புத்தகம், இது தாழ்ந்தது என்று அவர் வாசகனை விரட்டவில்லை. 1948-ம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது.

இப்போது முன்னே சொன்ன கஷ்டத்துக்கு வருவோம்.

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பாட்டியோடு சண்டை போடுவதும் தமிழில்தான். ஆனால் தமிழ் எழுத்தை வாசிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் விழிக்கிறார்கள். அப்பா வீட்டில் வைத்திருக்கும் புத்தகம் பிள்ளைக்குப் பூட்டிய பெட்டி. அப்பா காலத்துக்குப் பிறகு அது பழைய பேப்பர்க்காரருக்குத்தான் போகும்.

நூலகத்தின் கணக்கும் சுலபமானது. எடுத்துப் படிக்க ஆள் இருந்தால் அடுத்த ஆண்டும் அந்த மொழியில் புத்தகம் வாங்குவார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத புத்தகத்தைக் காட்டி, இன்னும் வாங்கு என்று கேட்க முடியாது. தமிழ் அலமாரி காலியாவதற்கு யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. தமிழர்கள் வாயனசாலைப் பக்கம் போகாமல் இருந்தாலே போதும்!

கையில் செல்போன் வந்த பிறகு வண்டியில் புத்தகம் விரிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. செல்போனிலேயே படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் படிப்புத்தான். ஆனால் செல்போனில் படிப்பது வாயனசாலையின் பதிவேட்டில் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும், அப்பா கதை படிக்கிறாரா, வேறு ஏதாவது பார்க்கிறாரா என்று தெரியாது. விரித்த புத்தகம் அப்படியல்ல. அதைப் பார்த்து இன்னொரு கை நீளும்.

செய்ய வேண்டியது என்ன?

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அருகிலுள்ள வாயனசாலையில் உறுப்பினர் ஆகலாம். "சாரே, தமிழ் புஸ்தகம் உண்டோ?" என்று கேட்கலாம். இல்லை என்றால், வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். நாலு பேர் சேர்ந்து கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு மரியாதை உண்டு. மூன்று மர்ம நாவல் எடுத்தால் நாலாவதாக ஒரு வாழ்க்கை வரலாறு எடுக்கலாம். மலையாளம் தெரிந்தவர்கள் ராமகிருஷ்ண பிள்ளையையும் கல்யாணி அம்மாவையும் மூலத்திலேயே படிக்கலாம். தமிழ்நாட்டிலிருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி அது.

பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்க நினைப்பவர்கள் நீதி நூலோடு தொடங்கிப் பிள்ளையை ஓட வைக்க வேண்டாம். ஒரு துப்பறியும் கதையைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுங்கள். கதாநாயகன் பூட்டிய அறைக்குள் நுழையும் கட்டத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, மீதியை நீயே படித்துக்கொள் என்று சொல்லிவிடுங்கள். எழுத்துக் கூட்டியாவது அந்த அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று பிள்ளை தெரிந்துகொள்ளும். இன்று சங்கர்லாலுக்காகக் கற்றுக்கொண்ட எழுத்து, நாளைக்கு உ.வே.சா.வைப் படிக்கவும் உதவும். வேறு எழுத்துத் தேவையில்லை.

அந்தப் பாசஞ்சர் வண்டிக்காரர் அவர் பாட்டுக்கு இரண்டு புத்தகமும் படிக்கட்டும். அந்தப் பத்திரிகைத்தாள் உறையை மட்டும் கழற்றிவிட்டால் நல்லது. எதிர் இருக்கையில் இருப்பவர், "முடிச்சதும் எனக்குத் தருவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்க அது வழி செய்யும்.